ரிச்சி தெருவில் வாங்கிய 8,800 ரூபாய் சர்வர்: பதினேழு மாதம் கழித்து

புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியறைதான் அலுவலகம். கணினி படித்தவள் அல்ல நான். ஒற்றுப்பிழை பார்த்துப் பழகிய கண் ஒன்றுதான் என் முதலீடு. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடும் ஒரு சர்வரை, அதாவது வீட்டுக் கணினிகளுக்கெல்லாம் கோப்பு கொடுக்கும் பொதுக் கணினியை, கட்டி மேய்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2024 ஜூனில் ஒரு தவறு செய்தேன். பென் டிரைவ் ஆறு வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘இதுதான் இறுதி’ என்று கோப்புகள். ஒரு கட்டுரைத் தொகுப்பில் ஆசிரியர் திருத்தாத அத்தியாயம் அச்சுக்குப் போய்விட்டது. பதினாறு பக்க ஃபாரம் ஒன்றை மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று; காகிதச் செலவு என் தலையில். கூலியில் பாதி அங்கேயே கரைந்தது. எல்லாக் கோப்பும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், என் கணினியிலிருந்தும் கணவரின் மடிக்கணினியிலிருந்தும் அதே கோப்பைத் திறக்க வேண்டும் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான். என் கணவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்; இப்போது எனக்கு மெய்ப்புப் பார்த்துத் தருகிறார்.

கோப்புப் பகிர்வுக்கென்றே ஆயத்தமாக விற்கும் பெட்டிகள் ஹார்ட் டிஸ்க் இல்லாமலே என் வரவு செலவுக்கு மிஞ்சிய விலை சொன்னார்கள். மாதச் சந்தா கட்டி இணையத்தில், மேகம் என்கிறார்களே அதில், வைப்பதும் ஒத்துவரவில்லை. அச்சுக்குப் போகும் படக் கோப்பு ஒன்றே 2 ஜிபி இருக்கும், அதை ஏற்றி இறக்குவதற்குள் பொழுது விடிந்துவிடும். ஆகவே ஜூலையில் ஒரு சனிக்கிழமை சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி ரிச்சி தெருவுக்குள் நுழைந்தேன்.

அலுவலகங்கள் கழித்துவிட்ட சின்னக் கணினிகள் அங்கே அடுக்கடுக்காக இருக்கும். காரணம் எளிது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிகிறது என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 11-க்கான இன்டெல் பட்டியலோ ஏறக்குறைய எட்டாம் தலைமுறைச் சிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தியவை நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அலுவலகங்களுக்கு வேண்டாதவை. லினக்ஸ் போடுகிறவர்களுக்கு அது அறுவடைக் காலம். எனக்குக் கிடைத்தது ஐ5-6500டி என்ற ஆறாம் தலைமுறைச் சிப், நான்கு கோர், 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி. நான்கு பஞ்சாங்கத்தை அடுக்கி வைத்த அளவு. 9,500 சொன்னார்கள், 8,800-க்கு முடிந்தது.

கடையைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயர் வேண்டாம். கேட்டதைத் திறந்து காட்டினார்கள். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்க்க விட்டார்கள், 21,000 மணி சொச்சம். கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸில் பழைய அலுவலகத்தின் கடவுச்சொல் இல்லை என்பதையும் காட்டினார்கள். இதெல்லாம் நல்லது. ஆனால் கடையில் ஓட்டிக் காட்டிய அடாப்டர் வேறு, பையில் போட்டுக் கொடுத்தது வேறு. வீட்டில் வந்து மூட்டினால், மின்சாரம் போதவில்லை என்று பெட்டி ஒவ்வொரு தடவையும் புலம்புகிறது. அடியில் ஒட்டிய சீட்டில் 65 வாட். கையில் இருந்த அடாப்டரில் 45. மறுநாள் கொண்டுபோனேன். “எல்லாம் ஒன்றுதான் மேடம்” என்றார் கடைப்பையன். ஒன்றில்லை என்று சீட்டைக் காட்டியதும் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். சண்டை போடவில்லை என்பதற்காக ஒரு மதிப்பெண் கூட்டலாம், என்னை இரண்டாம் தடவை ரயில் ஏற வைத்ததற்காக ஒன்று கழிக்கலாம்.

அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையைப் போட்டேன். திரை கேட்ட கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் அரை மணியில் முடிகிற வேலை; விவரிக்க ஒன்றுமில்லை. வரைகலைத் திரையே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மானிட்டர் இல்லாமல், கீபோர்டு இல்லாமல், என் மேசை ஓரத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. கோப்புகளுக்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வெளிப்பெட்டியில் போட்டு யுஎஸ்பி வழியே இணைத்தேன். இந்த வெளிப்பெட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

கோப்புகளைப் பகிர்வது சாம்பா என்ற நிரல். சொல்லில் வாழ்கிறவள் என்பதால் இந்தப் பெயரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். 1983-இல் ஐபிஎம்மில் பிறந்தது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், 1991–92 வாக்கில், வயரில் போய்வரும் பேச்சை ஒட்டுக்கேட்டே அந்த மொழியைப் புரிந்துகொண்டு தன் நிரலை எழுதினார். முதலில் வைத்த பெயர் வேறொருவரின் வணிகப் பெயராக இருந்ததால் மாற்ற வேண்டியிருந்தது. எஸ், எம், பி மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொற்களை ஆங்கில அகராதிக் கோப்பில் தேடவிட்டார். சால்மன்பெர்ரி என்றுகூட ஒன்று வந்ததாம். நல்லவேளை, சாம்பாவைத் தேர்ந்தார்.

சாம்பாவுக்கு ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. வெறும் எழுத்துதான், பொத்தான் எதுவும் கிடையாது. அதில் ஓர் எழுத்துப் பிழை விட்டால் அந்த வரி செல்லாது. எழுதி முடித்ததும் டெஸ்ட்பார்ம் என்று ஒரு கட்டளை கொடுத்தால், தனக்குத் தெரியாத சொல் எது என்று சுட்டிக் காட்டிவிடும். எத்தனையோ மெய்ப்புத் திருத்துநர்களோடு வேலை செய்திருக்கிறேன். இவ்வளவு சலிப்பில்லாதவரைப் பார்த்ததில்லை.

அன்று மாலையே என் கணினியில் பகிர்வு திறந்தது. பழைய வேலைகள் 40 ஜிபியை இழுத்துப் போட்டேன். ஒரு மணி நேரம் ஆகும் என்றது.

ஒரு மணி நேரமா? திரையில் வேகம் நொடிக்கு 11 எம்பி என்று அசையாமல் நின்றது. இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கிகாபிட் (1000 மெகாபிட்) இணைப்பில் நொடிக்கு 110 எம்பி வர வேண்டும். 11 வந்தால் எங்கோ ஓரிடத்தில் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது. ஹார்ட் டிஸ்க் மெதுவாக இருந்தால் வேகம் ஏறி இறங்கும்; இப்படி ஆணி அடித்தாற்போல நிற்காது. அப்போது எனக்கு இது தெரியாது. இரண்டு நாள் சாம்பாவின் அமைப்பில் கண்டதையெல்லாம் சேர்த்துப் பார்த்தேன், இணையத்தில் யார் யாரோ பரிந்துரைத்த வரிகள். ஒன்றும் அசையவில்லை. மூன்றாம் நாள்தான் ஈத்டூல் என்னும் கட்டளை கண்ணில் பட்டது. சர்வரின் இணைப்பு வேகம் 100 என்று அது ஒரே வரியில் சொல்லிவிட்டது. என் கணினியின் வயரையும் சர்வரின் வயரையும் இடம் மாற்றிப் பார்த்தேன். இப்போது சர்வர் 1000, என் கணினி 100. குற்றவாளி வயர்.

எங்கள் தெருவில் கேபிள் வேலை செய்யும் தம்பி ஒருவர் சோதனைப் பெட்டியோடு வந்தார். அது வயரின் இரு முனைகளிலும் செருகி, எட்டு விளக்குகள் வரிசையாக எரிகின்றனவா என்று பார்க்கும் கருவி. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரை பச்சை. ஏழு எரியவில்லை. எட்டு எரிந்தது. “பழுப்பு ஜோடியில் ஒன்று அறுந்திருக்கிறது அக்கா” என்றார். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஆகவே ஒரு கம்பி போனாலும் இணைப்பு சாகாது, விளக்கு எரியும், இணையம் ஓடும், யாருக்கும் தெரியாமல் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் காலம் தள்ளும். அந்த வயரைப் போட்டுக் கொடுத்தவரும் அதே தம்பிதான் என்பதை நான் நினைவூட்டவில்லை. அவரே காசு வாங்காமல் புது முனை வைத்துக் கொடுத்தார். மறுபடி 40 ஜிபியை இழுத்தேன். காப்பி கலந்து எடுத்து வருவதற்குள் முடிந்திருந்தது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. எது கோளாறானாலும் அடியிலிருந்து மேலே போகிறேன். முதலில் வயர் விளக்கு. பிறகு இணைப்பு வேகம். பிறகு ஐபி முகவரி (வலையில் கணினியின் கதவிலக்கம்) இருக்கிறதா, பிங் போகிறதா (கூப்பிட்டால் பதில் வருகிறதா), சாம்பாவின் வாசலான 445-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா. அதற்கும் பிறகே கடவுச்சொல், அனுமதி, சாம்பா. இதைத் தலைகீழாகச் செய்துதான் இரண்டு நாளைத் தொலைத்தேன்.

அடுத்தது அத்தையின் தொலைக்காட்சி. மாமாவின் அறுபதாம் கல்யாண வீடியோவைக் கேசட்டிலிருந்து மாற்றி சர்வரில் வைத்திருந்தேன். கூடத்துத் தொலைக்காட்சியில் வீடியோ ஓட்டும் விஎல்சி செயலியைப் போட்டுப் பகிர்வைத் திறந்தால் சர்வரே இல்லை என்கிறது. மாடியில் என் கணினிக்குத் தெரிகிற பெட்டி, பதினைந்து படி கீழே தெரியவில்லை. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. “பரவாயில்லை அம்மா, நீ வேலையைப் பார்” என்று சொல்லிவிட்டு, தொலைக்காட்சி முன்னால் மட்டும் உட்கார்ந்திருந்தார். அதுதான் தாங்கவில்லை.

கூடத்தில் இணைய நிறுவனம் வைத்த பெட்டி; அது தரும் முகவரிகள் 192.168.1 என்று தொடங்கும். மாடியில் சிக்னல் வராததால் நான் வாங்கிப் போட்ட ரூட்டர்; அதன் முகவரிகள் 192.168.0. பெயருக்கு ஒரே வீடு, உள்ளே இரண்டு குடித்தனம். மாடி ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் சர்வரைக் கூடத்திலிருந்து பார்க்க வழியே இல்லை. ரூட்டர் நடுவில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறது. மாடி ரூட்டரை ஆக்ஸஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றினேன். முகவரி கொடுக்கும் வேலையைக் கூடத்துப் பெட்டி ஒன்றே செய்யும், மாடியில் இருப்பது வெறும் வை-ஃபையும் செருகு துளைகளும். பிறகு சர்வருக்கு 192.168.1.20 என்று ஒரே முகவரியை நிரந்தரமாக ஒதுக்கினேன். இந்த ஒதுக்கீட்டைச் செய்யாவிட்டால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் முகவரி மாறி, வீட்டில் எல்லோரும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

அத்தை வீடியோவை அன்று இரண்டு தடவை பார்த்தார்.

விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் ‘நெட்வொர்க்’ என்பதைத் திறந்தால் சர்வர் தானாகத் தெரியவில்லையே என்று சிலர் பதறுவார்கள். பழைய எஸ்எம்பி முதல் பதிப்பு காலத்தில் தெரிந்தது. 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வானாகிரை அந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் பரவியது. அந்த ஆண்டு இறுதியிலிருந்து விண்டோஸும், 2019-இல் 4.11 பதிப்பிலிருந்து சாம்பாவும் அதை இயல்பாகவே ஒதுக்கிவைத்துவிட்டன. பக்கத்துக் கணினியைக் கண்டுபிடிக்கும் பழைய ஏற்பாடும் அதோடு போனது. டபிள்யூஎஸ்டிடி என்று ஒரு சின்ன நிரலை டெபியனில் நிறுவினால் பெயர் மறுபடி தெரியும். தெரிவதற்காக முதல் பதிப்பைத் திறந்துவிடச் சொல்லும் அறிவுரை இன்னும் உலவுகிறது. செய்யாதீர்கள்.

இனி வெளிப்பெட்டி.

2025 மே மாதம், கத்தரி வெயில். ஒரு நாள் நள்ளிரவில் மின்சாரம் போய் மூன்று மணி நேரம் வரவில்லை. யுபிஎஸ் முக்கால் மணி தாங்கியது, அப்புறம் எல்லாம் அணைந்தது. மின்சாரம் வந்ததும் சர்வர் தானாக எழுந்துகொண்டது. பயாஸில் அப்படி அமைத்திருந்தேன், அதில் எனக்குப் பெருமைகூட. ஹார்ட் டிஸ்க் இருக்கும் வெளிப்பெட்டியோ மலிவான சரக்கு; மின்சாரம் போய் வந்தால் அதன் பொத்தானை ஒருவர் கையால் அழுத்த வேண்டும். அழுத்த யாரும் விழித்திருக்கவில்லை. டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் நிற்காமல் எழ வேண்டும் என்று, எந்த டிஸ்க் எங்கே பொருந்த வேண்டும் எனக் குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் ‘நோஃபெயில்’ என்று எழுதி வைத்திருந்தேன். அதுவும் சொன்னபடி செய்தது. லினக்ஸில் ஒரு டிஸ்க் ஏதாவதொரு ஃபோல்டரின்மேல் பொருந்தி, அந்த ஃபோல்டராகவே திறக்கும். அப்படி டிஸ்க் வந்து பொருந்த வேண்டிய ஃபோல்டர், எஸ்எஸ்டியில் உள்ள வெறும் ஃபோல்டராகவே நின்றது. சாம்பா அதை அப்படியே பகிர்ந்தது.

காலையில் கணவர் தம் மடிக்கணினியைத் திறந்தார். தினமும் அவருடைய கோப்புகளைச் சர்வருக்கு நகல் எடுக்கும் நிரல் ஒன்று அதில் ஓடுகிறது. அங்கே போய்ப் பார்த்தால் எல்லாம் காலி. நல்ல வேலைக்காரனாயிற்றே, அத்தனையையும் முதலிலிருந்து நகலெடுக்கத் தொடங்கிவிட்டது.

நான் ஒன்பது மணிக்கு மாடிக்கு வந்து பகிர்வைத் திறந்தேன். என் ஃபோல்டர்கள் எதுவும் இல்லை. இருபத்திரண்டு ஆண்டு வேலை இருந்த இடத்தில் அவருடைய பெயரில் ஒரே ஒரு ஃபோல்டர். அடிவயிறு கலங்கியது என்று எழுதுவது எளிது. உண்மையில் நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பிறகு வெளிப்பெட்டியின் விளக்கு எரியாததைப் பார்த்தேன். பொத்தானை அழுத்தினேன், ஒரு கட்டளை கொடுத்து டிஸ்க்கைப் பொருத்தினேன், எல்லாக் கோப்பும் திரும்பிவிட்டன. முடிந்தது என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் சர்வர் எதையும் எழுத மறுத்தது. இடம் இல்லையாம். டிஎஃப் என்ற கட்டளை எஸ்எஸ்டி நூறு சதவீதம் நிரம்பிவிட்டது என்கிறது. எது நிரப்பியது என்று டியு என்ற கட்டளையால் ஃபோல்டர் ஃபோல்டராகக் கூட்டிப் பார்த்தால் மொத்தமே 9 ஜிபிதான் வருகிறது. 256 ஜிபி எஸ்எஸ்டியில் 9 ஜிபி போக மீதியை யார் தின்றார்கள்? பதிவுக் கோப்புகளைத் துடைத்தேன். பழைய கெர்னலை நீக்கினேன். மறுதொடக்கம் செய்தேன். இரண்டு ராத்திரி.

மூன்றாம் நாள் காலையில் கூடத்தில் பாய் சுருட்டும்போது அதனடியிலிருந்து அத்தையின் கண்ணாடி கிடைத்தது. முந்தின நாள் முழுக்க வீடெல்லாம் தேடியது. பாயை விரித்துவிட்டால் அடியில் கிடப்பது தெரியாதல்லவா? அப்போதுதான் பொறி தட்டியது. கணவரின் கோப்புகள் போய் விழுந்தது வெறும் ஃபோல்டரில். அதன்மேல் நான் ஹார்ட் டிஸ்க்கை விரித்துவிட்டேன். அடியில் இருப்பவை அழியவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு, பார்வைக்கு மட்டும் மறைந்து கிடக்கின்றன. மாடிக்கு ஓடினேன். சாம்பாவை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அந்த ஃபோல்டரைத் திறந்தால், அத்தனையும் அங்கே. டிஸ்க்கில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நீக்கினேன்.

இதற்கு ஒரு பூட்டு உண்டு. டிஸ்க் பொருந்தாதபோது, அந்த வெறும் ஃபோல்டரை ‘மாற்றக்கூடாதது’ என்று குறித்துவிட வேண்டும். சிஹெச்அட்டர் கட்டளையில் கூட்டல் குறி போட்டு ஐ. அதன்பின் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனர்கூட அதில் ஒரு கோப்பை வைக்க முடியாது. டிஸ்க் வந்து அதன்மேல் பொருந்துவதற்கு மட்டும் தடையில்லை. இப்போது டிஸ்க் இல்லையென்றால் நகல் நிரல் பிழை சொல்லி நின்றுவிடுகிறது. டிஸ்க்கை, லினக்ஸ் கண்ட வரிசையில் சூட்டும் எஸ்டிபி என்ற பெயரால் அல்லாமல், அதற்கே உரிய யுயுஐடி எண்ணால் எஃப்எஸ்டேப்பில் குறிப்பதும் அவசியம். வேறொரு யுஎஸ்பி டிஸ்க்கைச் செருகினால் எஸ்டிபி என்பது யாருக்கு வேண்டுமானாலும் போகும். வெளிப்பெட்டியை மாற்றிவிட்டேன். புதியதற்குப் பொத்தானே கிடையாது, மின்சாரம் வந்தால் ஓடும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டுமே வரும் கோளாறு ஒன்றைச் சொல்கிறேன்; ஆங்கிலத்தில் எழுதிய கையேடு எதிலும் இது கண்ணில் படவில்லை. விண்டோஸிலிருந்து பழைய வேலைகளை நகலெடுத்தபோது சில கோப்புகள் மட்டும் ‘பெயர் மிக நீளம்’ என்று திரும்பின. ஒன்றின் பெயர் இது: ‘நாட்டுப்புறக் கதைப்பாடல்கள் ஓர் ஆய்வு இரண்டாம் பதிப்பு ஆசிரியர் திருத்தம் முடிந்தது அச்சுக்கு அனுப்பவேண்டியது’. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன், ஜூனில் பட்ட சூடு. ஆனால் விண்டோஸ் இதைச் சுமந்துகொண்டுதானே இருந்தது?

விண்டோஸ் பெயரை எழுத்துக் குறிகளாக எண்ணுகிறது, 255 வரை. லினக்ஸ் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் ஈஎக்ஸ்டி4 முறை எண்ணுவதோ பைட்டுகளை, அதுவும் 255 வரைதான். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். ‘க்’ என்று எழுதினால் ஆறு பைட். ‘ஸ்ரீ’ கண்ணுக்கு ஓர் எழுத்து, டிஸ்க்குக்குப் பன்னிரண்டு பைட். மேலே சொன்ன பெயரை எண்ணிப் பார்த்தேன்: 99 தமிழ்க் குறிகள், பத்து இடைவெளிகள், மொத்தம் 307 பைட். ஆங்கிலத்தில் 255 எழுத்து வைக்கலாம். தமிழில் 85 குறியோடு நின்றுகொள்ள வேண்டும். அன்றிலிருந்து ‘நாட்டுப்புறக் கதைப்பாடல் ப2 அச்சு’ என்கிற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொன்று இதைவிட நுட்பம். ஒரு நாள் பகிர்வில் ‘கோவில் கல்வெட்டு’ என்று இரண்டு ஃபோல்டர்கள். ஒரே இடத்தில், ஒரே பெயரில் இரண்டு இருக்கவே முடியாது. ஒற்றுப்பிழை பார்க்கும் கண்ணால் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன், வேறுபாடு இல்லை. ஒன்று நண்பரின் பழைய மேக் கணினியிலிருந்து வந்தது. ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர். எது எப்படி வந்ததோ அப்படியே வைத்துக்கொள்கிறது. கான்வ்எம்வி என்ற நிரல் பிரித்த குறிகளைச் சேர்த்துக் கொடுத்தது. தொழில்முறையில் நான் தோற்றுப்போன மெய்ப்பு இது ஒன்றுதான்.

மற்றவை சில்லறை. 2025 தொடக்கத்தில் என் விண்டோஸ் 11 ப்ரோ கணினி 24எச்2 பதிப்புக்கு மாறியதும் வீட்டாருக்கென்று கடவுச்சொல் இல்லாமல் திறந்து வைத்திருந்த பகிர்வு நின்றுபோனது. இணைப்பில் கையொப்பம் வேண்டும் என்கிறது புதிய பதிப்பு. கடவுச்சொல் இல்லாத விருந்தாளிக்குக் கையொப்பம் ஏது? சோம்பலில் நான் விட்டுவைத்த திறப்பு அது. ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தேன். லினக்ஸில் பயனரை உருவாக்கினால் மட்டும் போதாது, சாம்பாவுக்கென்று தனியாகக் கடவுச்சொல் வைக்க வேண்டும் என்பதை அப்போதுதான் கற்றேன். இருவரும் ஒரே கோப்பைத் திருத்த வேண்டுமென்றால் இருவரையும் ஒரே குழுவில் போட்டு, புதிய கோப்புகள் அந்தக் குழுவின் பேரிலேயே பிறக்கும்படி செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் கணவர் உருவாக்கியதை மனைவி திறக்கலாம், திருத்த முடியாது. பகிர்விலிருந்து நீக்கினால் விண்டோஸின் குப்பைத்தொட்டிக்குப் போகாது, நேரே போய்விடும். சாம்பாவில் ‘ரீசைக்கிள்’ என்ற இணைப்பைச் சேர்த்தால் அதற்கென்று ஒரு தொட்டி கிடைக்கும். எங்கள் வீட்டில் அது இரண்டு தடவை மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. யாருடைய மானம் என்று எழுத அனுமதி கிடைக்கவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகன் அங்கிருந்தே கோப்பு எடுக்க வேண்டும் என்றான். 445-ஐ ரூட்டரில் வெளியுலகுக்குத் திறந்துவிடலாமே என்று நினைத்தால் அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிடுங்கள். அதற்கு வயர்கார்டு போன்ற தனிப்பாதை வேண்டும். எங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுத் தருவதால், நேரடி வயர்கார்டு எடுபடவில்லை. அதே வயர்கார்டின்மேல் கட்டிய டெயில்ஸ்கேல் பத்து நிமிடத்தில் வேலை செய்தது.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: செருகுமீட்டரில் டிஸ்க்கோடு சேர்த்து 14 வாட் காட்டுகிறது, சும்மா இருக்கும்போது. இரண்டு மாதத்துக்கு இருபது யூனிட். சத்தம், காதை ஒட்டிவைத்தால் உண்டு. பெட்டி 8,800, டிஸ்க்கும் மாற்றிய வெளிப்பெட்டியும் சேர்த்து 12,400, இரவில் நகலெடுக்க இரண்டாவதாக ஒரு டிஸ்க் 9,000. கடைசிச் செலவைத் தவிர்க்கலாமே என்று தோன்றும். ஒரே டிஸ்க்கில் இருப்பதற்கு நகல் என்று பெயரில்லை. அது வெறும் மாற்றிடம்.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்துவிட்டது. நான் மாறவில்லை. 12-க்கு 2028 ஜூன் வரை பாதுகாப்புத் திருத்தம் வரும், எனக்கு அவசரமில்லை. பதினேழு மாதத்தில் பெட்டியோ, டெபியனோ, சாம்பாவோ தானாகக் கெட்டு ஒரு நாளும் என்னை நிறுத்தவில்லை. நிறுத்தியவை ஒரு கம்பி, ஒரு ரூட்டர், ஒரு பொத்தான், ஒரு ஓகாரம், ஐந்தாவதாக நான். மாலையில் இரண்டு மணி நேரம் கறுப்புத் திரையோடு உட்காரப் பொறுமை உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். மாலையில் செய்த வேலை மறுநாள் காலையில் ஓடியே ஆக வேண்டும் என்கிற தொழிலில் இருப்பவர்கள், பணம் இருந்தால், ஆயத்தப் பெட்டியையே வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் பெட்டியைத் திருப்பி, அடியில் எத்தனை வாட் என்று படித்துவிட்டு, பையில் போடும் அடாப்டரையே கடையில் செருகி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அங்கே கொசுறாகக் கொடுக்கும் வயரை வாங்காதீர்கள்.